என் தந்தை கூலியாளா, நிலக்காரரா என்று சான்று கோரும் மனு

அனுப்புநர்:
டாக்டர் ரெ. பொன்னுத்தாய், எம்.பி.பி.எஸ்.,
மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம்,
கீழத்தோப்பூர், வலங்கைமான் வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: மருத்துவ ஆய்வுக் கழகத்தில் நான் ஃபெலோ ஆவதற்கு, கீழத்தோப்பூர் வயல் எண் 117/2 யாருடையது என்று சான்று வழங்கக் கோருதல்.

பார்வை: மேற்படி கழகத்தின் கடிதம், நாள் 28.8.1978.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அய்யா அவர்களுக்கு,

1. நடவுப் பெண்களின் காலில் வரும் சேற்றுப்புண் பற்றி இரண்டு சம்பாப் பருவங்கள் ஆய்வு செய்தேன். நடுப்பகலில் ஒரு மணி நேரம் கரையேறி, காலைக் கழுவி உலர்த்தினால் புண் பாதியாகக் குறைகிறது என்பது என் முடிவு. இதைக் கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். எதற்கு என்று, நாற்பது வருடமாக நடவு நடும் என் தாயார் தங்கம்மாள் கேட்டார். இது வைத்தியமா, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கையா என்று எங்கள் ஊர் மிராசுதார் திரு. துரைக்கண்ணு கேட்டார். சென்னையிலுள்ள வெப்பநாட்டு மருத்துவ ஆய்வுக் கழகம் எதுவும் கேட்காமல் கட்டுரையைத் தன் இதழில் அச்சிட்டு, ஃபெலோ பட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எழுதியது.

2. ஃபெலோ ஆனால் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துகள் கூடும். அத்துடன் கழகம் ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பும் தரும். எங்கள் நிலையத்தில் இப்போதிருப்பதில் பார்த்தால் ஊரில் எல்லாருக்கும் ஒரே நோய்தான். கருவிக்காக மட்டும் கேட்கிறேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அந்தப் பட்டமும் வேண்டும். இதுவரை ஃபெலோவான எழுபத்தொரு பேரில் சேற்றில் கால் வைத்தவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

3. ஆய்வு தனியார் இடத்தில் நடந்திருந்தால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்பது கழகத்தின் விதி 14. ஆய்வு நடந்தது வயல் எண் 117/2-இல். நினைவு தெரிந்த நாளாய் அதில் உழவும் அறுவடையும் திரு. துரைக்கண்ணு சொற்படிதான் நடக்கின்றன. எனவே அவரிடம் போனேன். அது தம்முடைய வயலே இல்லை என்றார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவர் மிகவும் எளியவராகிவிட்டார் என்பது ஊரறிந்த செய்தி.

4. பிறகு யாருடையது என்று அறிய, ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் மனுச் செய்து சிட்டா நகல் பெற்றேன். அதில் பட்டாதாரர் பெயர்: ரெத்தினம், தகப்பனார் பெயர் இராஜாங்கம். அய்யா, அவர் என் தந்தை. மூன்று ஏக்கர் நாற்பது சென்டுக்கு அவர் ஏழு ஆண்டுகளாக உரிமையாளர். அந்த ஏழு ஆண்டுகளும் அதே வயலில் அவர் நாற்றுக்கட்டு சுமந்திருக்கிறார். ரேஷன் அட்டைக்கு என்று சொல்லி 1971-இல் மிராசுதார் வீட்டுக் கணக்கப்பிள்ளை ஒரு தாளில் கைநாட்டு வாங்கியது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நகலைப் படித்துக் காட்டியபோது என் தந்தை, "ஏம்மா, அப்ப நான் குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டு நின்னதெல்லாம் என் வரப்புலயேவா?" என்று கேட்டார்.

5. விதி விதிதானே என்று, உரிமையாளர் என்ற முறையில் என் தந்தையிடமே ஒப்புதல் கைநாட்டு வாங்கிச் சிட்டா நகலுடன் அனுப்பினேன். பார்வையில் கண்ட பதில் வந்தது. விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் 'விவசாயக் கூலி' என்று எழுதிவிட்டு, இப்போது நிலக்காரர் என்கிறேனாம். இரண்டில் ஒன்று பொய்யாம். வருவாய்த் துறைச் சான்றை 30.9.1978-க்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். பொய்த் தகவல் தந்தவள் என்று இதழிலும் குறிப்பு வருமாம். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் காலைக் கையில் ஏந்திப் பார்த்து எழுதியதைப் பொய்க்காரியின் கட்டுரை என்பார்கள். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அரசு ஊழியர் என்பதால் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

6. இதில் நான் எழுதியதும் பொய்யில்லை, சிட்டாவில் உள்ளதும் அரசாங்க முத்திரையுடன் இருக்கிறது. எது உண்மை என்று முடிவு செய்யும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு. எனவே தங்களிடம் வேண்டுவது:

(அ) நிலம் என் தந்தையுடையது என்றால் அவ்வாறே சான்றளித்து, வயலை அவர் வசம் ஒப்படைக்கலாம். விண்ணப்பத்தில் நான் செய்த பிழையைக் கழகத்திடம் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்வேன்.

(ஆ) அவருடையது அல்ல, அவர் கூலியாள்தான் என்றால் அவ்வாறே சான்றளித்து, வயலைத் திரு. துரைக்கண்ணுவின் கணக்கில் உச்சவரம்புக்கு மேற்பட்ட உபரியாகச் சேர்த்து, அதில் நட்டுப் புண் வாங்கிய பெண்களுக்கே பிரித்துத் தரலாம். அவர்கள் பட்டியல், கால் வாரியாக, இணைத்துள்ளேன்.

இரண்டில் எது வந்தாலும் விதி 14-க்குப் போதும்; பின்னதானால் ஒப்புதலை அந்தப் பெண்களே தருவார்கள். இரண்டும் இல்லை, விசாரணையில் உள்ளது என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

7. வருகிற வியாழக்கிழமை 117/2-இல் சம்பா நடவு. வழக்கம்போல் என் தந்தைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று காலை ஆறு மணிக்கு அவர் நாற்றுக்கட்டைத் தூக்குவதா, அல்லது வரப்பில் நின்று எல்லாரையும் நடுப்பகலில் கரையேறச் சொல்வதா என்பதை அதற்குள் தெரிவிக்க உத்தரவாக வேண்டுகிறேன்.

இடம்: கீழத்தோப்பூர்
நாள்: 11.9.1978

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ரெ. பொன்னுத்தாய்

வயல் எண் 117/2-இன் பட்டாதாரர், தொழில் விவசாயக் கூலி:
ரெத்தினம் (இடது கைப் பெருவிரல் ரேகை)

இணைப்பு: சிட்டா நகல், கழகக் கடித நகல், பெண்கள் பட்டியல்.