அடுத்த ஸ்டாப் வரைக்கும்

பிப்ரவரி 3

அன்புள்ள செக்கரம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்து, சுகமாகவே இருக்கிறேன். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவேன், கடிதம் என்றால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி அனுப்பினாயே, அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவளைக் கட்டிக்கொண்டவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

முக்குளிப்புப் பயிற்சியில் முதல் நிலை பாஸ். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவது அது. இப்போது இரண்டாம் நிலை. இதில் தலைக்கு ஒரு பெரிய கவசம், காற்று மேலே படகிலிருந்து குழாய் வழியாக வரும். நான் ஏறும்வரை அந்தக் குழாயை ஒருத்தர் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார். கப்பல் பட்டறையில் இத்தனை வருஷம் வெல்டிங் அடித்த கைக்குத் தண்ணீருக்கடியில் ஒரு நேர்கோடு வரவில்லை. "இது என்னப்பா, பல்லி ஓடின தடமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

எனக்கு வேண்டியது மூன்றாம் நிலைதான். இரும்பு மணி ஒன்றுக்குள் இரண்டு பேரை உட்காரவைத்து ஆழத்துக்கு இறக்குவார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்தத் துறைமுகத்திலும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பாலத்துத் தூணில் பாசி சுரண்டிக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான்.

இங்கே முதல் பாடம் என்ன தெரியுமா? மேலே வரும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஆழத்தில் உள்ளே போன காற்று மேலே வர வர விரியும். அதை விட்டுக்கொண்டே வர வேண்டும். உள்ளே எங்காவது மாட்டிக்கொண்டால் நுரையீரலுக்கு பலூன் கதிதான். பயப்படாதே, எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். ஒவ்வொரு நிலைக்கும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் இறங்க முடியும். என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

உன்,
நீர்யானை

பிப்ரவரி 12

முத்துக்குளிக்கப் போனவருக்கு,

நானும் சின்னதும் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிபார்க்க வழியில்லாததால் இப்போதைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகளுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மீனுக்கு யாரும்மா குழாய் பிடிப்பாங்க?" என்று கேட்கிறாள். நீங்களே பதில் எழுதுங்கள்.

டாக்டரம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. என்ன சொல் அது? எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

நேற்று ஏழாம் எண் பஸ்ஸில் கோட்டுப் போட்ட ஒருவர் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுக்காதவன் கழுத்து எப்போதும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருக்கும். வழக்கம்போலக் காதருகே போய், "அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள கண்டக்டர்கிட்ட எடுத்துடுங்க" என்றேன். எடுத்துவிட்டார். உடனே அபராதம் எழுதாததற்கு மேலதிகாரி என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். அந்த ஒரு ஸ்டாப் அவகாசத்தை நான் இதுவரை யாருக்கும் மறுத்ததில்லை. தானாகத் திருந்த மனுஷனுக்கு அது போதும்.

கேள்விக்குப் பதிலை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செக்கரம்மா

மார்ச் 1

அன்புள்ள செக்கரம்மாவுக்கு,

இரண்டாம் நிலையும் பாஸ். கோடு நேராகிவிட்டது. மாஸ்டர் இந்த முறை பல்லி பேச்சை எடுக்கவில்லை.

அடித்த சொல் "அடிக்கடி". டாக்டரம்மா அடிக்கடி பார்க்கிறார் என்று எழுதினேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று அடித்தேன். அடித்ததையும் பிடித்துவிட்டாய். நல்ல மனசுக்காரர் அவர், அவ்வளவுதான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கூப்பிட்டு ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார். போன வாரம் தேநீர்கூடக் கொடுத்தார்.

மூன்றாம் நிலைக்கு எனக்கு ஜோடி ஒரு தாடிக்காரர். மணிக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர் வெளியே போய் வேலை பார்க்க வேண்டும். வெளியே போனவருக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்தான் இழுத்துப்போட வேண்டும். அவருக்கும் வீட்டில் நம்முடையதைப் போல ஒரு சின்னது இருக்கிறது. 24ஆம் தேதி, திங்கட்கிழமை மணி இறங்குகிறது.

ஒரு விஷயம். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அலமாரியைத் திறக்காதே. ஆடிக்கொண்டிருக்கிறது, தலையில் விழுந்துவிடும். நான் வந்து ஆணி அடிக்கிறேன்.

உன்,
நீர்யானை

மார்ச் 9

உங்களுக்கு,

அலமாரி ஆடவில்லை. கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்பே திறந்து பார்த்துவிட்டேன். திறக்காதே என்று என்னிடம் சொல்லலாமா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி என்ன கற்றுக்கொண்டீர்கள்?

உங்கள் இன்ஹேலர் அங்கே இல்லை. மருந்துக்கடையில் விசாரித்தேன். "சார் கிளம்புறப்போ புதுசா மூணு வாங்கிட்டுப் போனாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் கடைக்காரர். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைத்தெருவில் நின்று புருஷனைப் பற்றித் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

இத்தனை நாளாக அந்த டாக்டரம்மாவை மனசுக்குள் கரித்துக்கொட்டினேன். பாவம், அவர் உங்கள் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்துவிட்டார். காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் ஊதினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஊதுவதற்கு முன்னால் அந்த மருந்தை உறிஞ்சிக்கொண்டு போகிறீர்கள். உங்களுக்கு இழுப்பு உண்டு என்பதையே அவரிடம் சொல்லவில்லை.

போன வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து தோள் தூக்கித் தூக்கிப் போட நீங்கள் மூச்சுக்குத் தவித்தீர்கள். நான்தான் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அடியாழத்துக்கா? காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் பலூன் கதி என்று எழுதியது நீங்கள்தானே? உங்களை நம்பி அந்தத் தாடிக்காரரும் இறங்குகிறார். அவர் பெண்டாட்டிக்கு இது தெரியுமா?

மணி இறங்குவதற்குள் நீங்களே டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் கொடுக்கிற அவகாசம்தான். அதற்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

செக்கரம்மா

மார்ச் 15

உனக்கு,

எனக்கு இழுப்பு வந்து மாதக்கணக்காகிறது. சுண்ணாம்புத் தூசியில் யாருக்கும்தான் மூச்சு முட்டும். இந்தச் சான்றிதழுக்காகப் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்தேன். இரண்டு படி ஏறியாயிற்று, மூன்றாவதில் கால் வைக்கும் நேரத்தில் ஏணியைப் பிடுங்கப் பார்க்கிறாய். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறாய். வீட்டிலும் அதே உத்தியோகமா?

நீ சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? மூன்றாம் நிலை மட்டும் இல்லை, முன்னால் வாங்கிய இரண்டும் செல்லாது. அப்படிச் செய்துவிட்டு நான் புருஷனாகத் திரும்பி வருவேன் என்று எதிர்பார்க்காதே. தலையிடாதே. அவ்வளவுதான் சொல்வேன்.

மார்ச் 25

உனக்கு,

மணி நேற்று இறங்கியது. நான் அதில் இல்லை.

உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தாடிக்காரர் தன் மகள் போட்டோவைக் காட்டினார். முன்பல் இரண்டும் இல்லை. சனிக்கிழமை காலையில் எழுந்ததும் நேராக டாக்டரம்மா அறைக்குப் போய் மூன்று இன்ஹேலரையும் மேஜைமேல் வைத்தேன். அவர் திட்டவில்லை. "நீங்களா வந்து சொல்வீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். வெளியே வந்து படகுத்துறையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும், இதை உனக்கு எப்படி எழுதுவது, படித்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்றுதான் யோசித்தேன்.

மத்தியானம் டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். "உங்க வீட்டுக்காரம்மா இப்பதான் போன் பண்ணாங்க. அவர் காலையிலயே சொல்லிட்டாருன்னு சொன்னேன். உடனே போனை வெச்சுட்டாங்க" என்றார்.

மணி இறங்க வேண்டியது திங்கட்கிழமை. நீ பேசியது சனிக்கிழமை. ஸ்டாப் இன்னும் வரவில்லை, பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்பின் தெரியாத கோட்டுக்காரருக்குக் கொடுத்த அவகாசத்தை எனக்குக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. சான்றிதழ் போனதுகூட ஆறிவிடும் போலிருக்கிறது. இது ஆறவில்லை.

இங்கேயே படகில் குழாய் பிடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தாடிக்காரர் துறைமுகத்தில் இறங்கும்போது அவருக்கு நான்தான் பிடிக்கப்போகிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு வரவில்லை. சின்னதிடம், மீனுக்கு அப்பாதான் குழாய் பிடிக்கிறார் என்று சொல்.

ஏப்ரல் 2

என்னங்க,

பஸ்ஸில் ஒருத்தர் ஸ்டாப் தாண்டியும் டிக்கெட் எடுக்காவிட்டால் கையைப் பிடித்து நிறுத்தலாம். மணி இறங்கிய பிறகு நான் யார் கையைப் பிடிப்பேன்? உங்கள் கோபக் கடிதம் வந்த நாளிலிருந்து பஸ்ஸில் யார் இருமினாலும் நீங்கள்தானோ என்று திரும்பிப் பார்த்தேன். திங்கட்கிழமை வரை பொறுக்க என்னால் முடியவில்லை. டெப்போ போனை எடுத்துவிட்டேன். மறுபடி இப்படி ஒன்று வந்தாலும் எடுப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் சொல்வது சரி. அவகாசம் என்று நானே சொல்லிவிட்டு, நானே அதற்குள் பிடித்தேன். டாக்டரம்மா "காலையிலயே சொல்லிட்டார்" என்றதும் போனை வைத்துவிட்டேன். நீங்களாகவே சொல்வீர்கள் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இன்னமும் இருக்கிறது.

என் அபராதப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டுக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். என் பேருக்கு நானே எழுதியது. காரணம் என்ற இடத்தில், "ஸ்டாப் வருமுன் பிடித்தது" என்று போட்டிருக்கிறேன். கணக்கில் ஒரு சீட்டுக் குறைகிறது என்று மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

சின்னதிடம் சொன்னேன். அப்பா பிடித்தால் மீன் பயப்படாது என்றாள்.

எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டேன். உப்புக் காற்றில் நாள் முழுக்க நிற்கிறீர்களே, மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் நம்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

உங்கள்,
செக்கரம்மா