ஷட்டருக்கு வெளியே நின்றவனுக்கு

கடையைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்ட மச்சான் காதருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோதும் நீ "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே பதிலைத்தான் சொன்னாய். நான் நலமில்லை. முழங்கால் மடங்க மறுக்கிறது, கண் கூசுகிறது, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்களோடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. நீ குறுக்கே பேச மாட்டாய் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

உன் மகள் ஷமீமா கேசட் மூட்டைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். "வாப்பா இதத் தூக்கிப் போடவும் விடல, யாரையும் தொடவும் விடல மாமா. நீங்களே என்னமும் செய்ங்க" என்றாள். பாட்டுப் பதிவு செய்துகொடுக்கும் கடை நடத்திய உனக்கு, பாட்டை விட அந்த மூட்டைகள்தான் பெரிது என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

வளைகுடாவுக்குப் போன புருசன்மாருக்குப் பெண்கள் கேசட்டில் பேசி அனுப்பிய காலம். எழுதத் தெரியாதவர்கள் வருவார்கள், எழுதத் தெரிந்தும் எழுத்தில் அடங்காதவர்களும் வருவார்கள். நீ மைக்கை வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, இரண்டு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டு வெளியே வந்து ஷட்டரை இறக்குவாய். அவர்கள் பேசி முடித்து உள்ளிருந்து தட்டும்வரை ரோட்டைப் பார்த்தபடி நிற்பாய். ஆள் லீவில் வரும்போது அந்தக் கேசட்டும் பெட்டியில் திரும்பி வரும். வீட்டில் இருந்தால் பிள்ளைகள் போட்டுக் கேட்டுவிடும் என்று உன்னிடமே கொடுத்து வைப்பார்கள்.

ஒன்றைக்கூட நீ கேட்டதில்லை. உன்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் பயல்கள் கடைக்கு வந்து சீண்டுவார்கள். "என்ன காக்கா, ஆள் இல்லாத நேரம் போட்டுக் கேப்பீகளோ?"

"ஏலே, ஒங்க உம்மா பேசுனதும் இதுல கெடக்கு. எடுத்துப் போடவா?" என்பாய். அதற்குமேல் ஒருவனும் வாயைத் திறந்ததில்லை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் நூலகப் படிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு டிஜிட்டல் கியூரேஷன் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார்கள். எதை எடுப்பது, எப்படிப் பெயர் வைப்பது, எங்கே பத்திரப்படுத்துவது, யாருக்குத் திறந்துவிடுவது என்பதுதான் பாடம். கிளை நூலகத்தில் நான் ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்கு இப்படி ஒரு புதுப் பெயர். துறை வாசல் பெயர்ப்பலகையில் மற்றவர்கள் எல்லாரும் முனைவர்கள். பட்டம் இல்லாத எனக்கு என்ன போடுவதென்று தெரியாமல் 'அனுபவசாலி' என்று போட்டிருந்தார்கள். டேப் ரிக்கார்டரைக் கணினியோடு இணைக்க, மொழி புரியாத வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவன். அன்றைக்குச் சொல்லித்தர ஒரு முனைவரும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உன் மூட்டைகளைத்தான் பாடமாக வைத்தேன். கேசட்டைக் கணினிக்கு மாற்ற வேண்டும், ஆனால் கேட்கக் கூடாது. ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் உன் குரல் இருக்கிறது: "செவப்பு லைட்டு எரியுது. இனிப் பேசலாம். நான் வெளியதான் நிக்கிறேன்." அப்புறம் ஷட்டர் இறங்கும் சத்தம். அதுவரை கேட்கலாம். அதற்குப் பிறகு ஒலியை அணைத்துவிட்டுத் திரையில் ஒலி அலையாக ஓடும் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். கோடு அறுந்தால் நாடாவைச் சரிபார்க்க வேண்டும். இதுதான் நான் போட்ட விதி.

முத்துச்செல்வி என்று ஒரு பிள்ளை. முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மனதில் பட்டதை அடக்கத் தெரியாது.

"கேக்காம எப்படி சார் பேரு வைக்கிறது? உள்ள என்ன இருக்குன்னு எழுதாட்டி, பின்னாடி தேடி வாரவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்."

"அப்ப எதுக்கு சார் சேத்து வைக்கிறோம்?"

என்னிடம் விதி இருந்தது, பதில் இல்லை. "மேலே என்ன எழுதியிருக்கோ அதை எழுது. உரியவுகளைக் கண்டுபிடி. மிச்சத்தை அவுக சொல்லட்டும்" என்றேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் மச்சான்?

சினிமாப் பாட்டு அட்டை போட்ட கேசட்டுகளை நான் கழிவுப் பெட்டியில் போடச் சொன்னேன். பாட்டு எங்கும் கிடைக்கும், இடத்தை அடைக்க வேண்டாம் என்று நினைத்தேன். முத்துச்செல்விதான் ஒன்றை எடுத்து வந்து அதன் முதுகைக் காட்டினாள். மேல் பதிவு செய்ய முடியாதபடி கம்பெனிக்காரன் விட்டிருந்த ஓட்டையில் பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தது. "பாட்டு கேக்குறவுக இத எதுக்கு சார் அடைக்கணும்?" என்றாள். "சும்மா ஒட்டியிருப்பாங்க" என்று முறைத்தேன். அவள் நகரவில்லை. அட்டையைப் பிரித்தால் உள்பக்கம் உன் கையெழுத்தில் 'பாம்பன் ஜெய்னம்பு' என்று இருந்தது. வீட்டார் கண்ணில் படாமல் இருக்கப் பாட்டுக் கேசட்டிலேயே பேசியிருக்கிறாள்.

போட்டோம். "தங்கச்சி, செவப்பு லைட்டு எரியுது. இனிப் பேசுங்க. நானும் மாரியும் வெளியதான் நிக்கிறோம். ஒரு பய உள்ள வரமாட்டான்." அப்புறம் ஷட்டர்.

நானும் மாரியும். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அது எனக்கு நினைவில்லை, உன் குரலுக்கு நினைவிருக்கிறது. அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

இதற்குள் துறைத்தலைவர் அம்மா வந்தார். கல்லூரியில் ஒரு விழா, வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம்.

"ஒரு நிமிஷம் போதும் சார். கொஞ்சம் அழுகையா வர்ற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க. மேடையில போட்டுட்டு, அன்னைக்கே எல்லாத்தையும் இணையத்துல ஏத்திடலாம்."

"உரியவங்ககிட்டக் கேக்கணும்மா."

"அவங்கள்ல எத்தனை பேர் இருக்காங்களோ! யாரும் கேக்காத பொக்கிஷத்த வச்சு என்ன சார் பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார், அவருக்கும் மேலே இன்னொருவர். ஆனால் நான் முடியாது என்றுவிட்டேன்.

முத்துச்செல்வியைக் கூட்டிக்கொண்டு பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். உன் சொந்தக்காரர்களிடம் விசாரித்து ஜெய்னம்பு வீட்டைக் கண்டுபிடித்தோம். மருமகள் வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெய்னம்பு என்னைக் கண்டுகொண்டாள்.

"அட, காதர் காக்கா கடையில நிப்பியளே, லைப்ரரிக்காரவுக! இம்புட்டு நரைச்சுப் போச்சு?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். கேசட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மடிக்கணினியில் ஹெட்போனை மாட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். கண்ணை மூடிக் கேட்டாள். உதடு அசைந்தது. ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகள் எட்டிப் பார்க்க, "போ புள்ள, கருவாட்டக் காக்கா தூக்கிட்டுப் போயிரும்" என்று விரட்டினாள். அவள் புருசன் இறந்து பல வருசம் ஆகிவிட்டது என்று மருமகள்தான் எங்களிடம் மெல்லச் சொன்னாள்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். "நல்லாத்தான் பேசியிருக்கேன், என்ன?"

"நாங்க கேக்கலம்மா" என்றேன்.

"கேக்கலயா?" ஹெட்போன் வயரைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். "அழிச்சிருங்க" என்றாள்.

முத்துச்செல்வி பதறிவிட்டாள். "பெரியம்மா, அழிச்சா திரும்ப வராது. பூட்டி வச்சிருவோம். ஒருத்தரும் கேக்க முடியாது."

"அது அவுகளுக்குச் சொன்னது, புள்ள. அவுக கேட்டுட்டாக. இனி யாருக்கு?"

கேசட்டை அவளிடமே விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பாலத்தில் காற்று ஜன்னலில் அறைந்தது. முத்துச்செல்வி கேட்டாள்.

"சார், முன்னாடி காதர் சார் பேசுறத மட்டும் வெட்டி எடுத்துக்கலாம்ல? உங்க பேரு வருதே. அது அந்தம்மா பேச்சு இல்லையே."

"கேசட்டு அவளோடது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாக சார்."

"குடுத்திருப்பா. கேட்டா அவளால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதான் கேக்கல."

"இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதையும் மூன்று இடத்தில் வையுங்கள் என்று வகுப்பில் நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அதனால் மூன்று இடத்தில் அழிக்க வேண்டியிருந்தது. கல்லூரிக் கணினியில் இருந்ததையும் ஹார்டு டிஸ்க்கில் இருந்ததையும் பிள்ளைகள் அழித்தார்கள். சேர்த்து வைக்கப் படிக்க வந்தவர்களை அழிக்கவைத்தேன். ஒருவரும் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே 'உரியவரிடம் திரும்பச் சேர்ந்தது' என்று முத்துச்செல்வி எழுதினாள். அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

வீட்டில் என் மடிக்கணினியில் இருந்ததை நான் அழித்தேன். அதற்கு முன் உன் குரலை ஒருமுறை போட்டேன். ஷட்டர் சத்தம் வந்ததும் நிறுத்தினேன். அதற்குமேல் கேட்கவில்லை, நீ நம்பலாம்.

விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. "அடுத்த பருவத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம் சார், உங்களுக்கும் அலைச்சல்" என்றார் துறைத்தலைவர். அவர் சொன்ன ஒரே உண்மை அந்த அலைச்சல்தான். இரவல் கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்குவதுபோல மூட்டைகளை என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். முத்துச்செல்வியும் இன்னும் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். மார்க் கிடையாது, சான்றிதழ் கிடையாது, ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "பஸ்ஸு இந்த வழியாத்தான் சார் போகுது" என்கிறாள். போகவில்லை. எனக்குத் தெரியும்.

உரியவர்களில் சிலர் கொழும்பில், சிலர் சென்னையில், சிலர் மண்ணுக்குள். அவர்கள் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா, இல்லையா? உன்னிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். நாம் பேசியது எல்லாம் வேறு ஊர்க்கதை.

மச்சான், ஒன்று மட்டும் சொல்கிறேன். உடம்பு ஒத்துழைக்கும்வரை ஒவ்வொரு கேசட்டையும் அதன் வாசலுக்குக் கொண்டுபோவேன். வைக்கச் சொன்னால் வைப்பேன், அழிக்கச் சொன்னால் அழிப்பேன். முடியாமல் போனால் முத்துச்செல்வி போவாள், அவளும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போவாள். நீ அங்கே நிம்மதியாக இரு. நான் இங்கே வெளியேதான் நிற்கிறேன். ஒரு பய உள்ளே வரமாட்டான்.

உன் பக்கத்தில் நின்ற மச்சான்,
மாரி