நான்காவது கை

இரவு 9:10
கணினிக் குழுவின் இரவுப் பதிவு. எழுதுபவர் பூங்கோதை, ஒன்பதாம் வகுப்பு, நிலவின் தென்துருவ மகளிர் உறைவிடப் பள்ளி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மாலையில் வேதநாயகம் சார் சர்வரில் புதிய பாதுகாப்பு பேட்ச் ஏற்றினார். நான் வரிகளை வாசித்தேன், அவர் சரிபார்த்தார். போன மாதம் கொள்ளையர்கள் ஆயிரக்கணக்கான போலிக் கோரிக்கைகளை அனுப்பி, சர்வரைத் திணறடித்து, கதவைத் திறந்து வந்தார்கள். இனி அது நடக்காது. ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் நான்கு முறை கதவைத் திறக்கக் கேட்டால், கதவுக்கு மேலே உள்ள துப்பாக்கி சுட்டுவிடும்.

இரவு 10:50
சார் இறந்துவிட்டார்.

படிப்பறையிலிருந்து மூன்று பேர் கைப்பட்டை கட்டிய கையைக் கதவில் வைத்து வெளியே போனார்கள். நான்காவதாக சார். "நகருங்கம்மா, எனக்குத் தூக்கம் சொக்குது" என்று சிரித்துக்கொண்டே கைவைத்தார். கதவு திறந்தது. அடுத்த நொடி அவருக்கு முகம் இல்லை. எல்லோரும் அடுத்த கதவுக்கு ஓடினோம். அங்கே நான்காவதாகக் கைவைத்தவள் மரகதம். அவள் முதுகு எரிந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கொள்ளையர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று வார்டன் ரெஜினா மிஸ் நினைக்கிறார். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று ஒலிபெருக்கிகளை அணைத்துவிட்டார். பேட்ச்தான் காரணமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அறைந்தார். "செத்துக் கெடக்குற மனுஷன் மேல பழி போடுறியா? எவளாச்சும் சர்வர் பக்கம் போனா, அவனுங்க ஆளுன்னு கட்டிப் போட்டுருவேன்."

காலை ஐந்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, ஒரே கதவு வழியாகப் பதுங்கறைக்கு அழைத்துப்போகப் போகிறார்.

நள்ளிரவு 12:20
சர்வர் அறை. மேஜைக்கு அடியில் இருந்து எழுதுகிறேன். சாரின் சட்டைப்பையிலிருந்து சாவி அட்டையை எடுத்தேன். பை ஈரமாக இருந்தது.

தவறு தெரிந்துவிட்டது. பேட்ச் ஆளை எண்ணவில்லை, கதவை எண்ணுகிறது. யார் கை என்று பார்ப்பதில்லை. ஒரே நிமிடத்தில் நான்காவது கை எதுவோ, அதைச் சுடுகிறது. பள்ளியில் கதவு என்றால் வரிசை. வரிசை என்றால் நான்காவது ஆள்.

இந்த அறையில் பூமிக்கு மட்டும்தான் இணைப்பு உண்டு. பேட்ச் செய்த நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன். பதில்: "நா டில்லிபாபு பேசுறேன் தங்கச்சி. பயப்படாத. திருத்தம் எழுதினுகீறோம். அதுவரிக்கும் கதவாண்ட போவாத."

1:45
திருத்தம் வந்தது. கதவை விட்டுவிட்டு, கைப்பட்டையின் எண்ணை வைத்து ஆளை எண்ணும். ஏற்றிவிட்டேன். அழுகை வந்தது. வாயில் தாவணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

3:15
ஐயோ.

பதிவேட்டில் எல்லாக் கையும் ஒரே எண். 0001. கைப்பட்டை வாங்கியபோது பள்ளி எங்களைத் தனித்தனியாகப் பதியவே இல்லை. மொத்தப் பள்ளியையும் ஒரே ஆளாகப் பதிந்துவிட்டது.

நான்கு விடுதிகளில் நான்கு பேர் ஒரே நிமிடத்தில் கழிப்பறைக் கதவைத் தொட்டிருக்கிறார்கள். நான்காவது பெண் ஆறாம் வகுப்பு. கேமராவில் பார்த்தேன். கதவு திறந்தது. உள்ளே பாதி, வெளியே பாதி விழுந்தாள். சாரின் பேட்ச் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இதை ஏற்றியது நான்.

4:40
டில்லிபாபு அண்ணா: "பேட்ச்சயே மொத்தமா தூக்கிரலாம். கட்டளை அனுப்புறேன். ஆனா கேளு தங்கச்சி, அதுவும் ஒரு கோரிக்கதான், உன் பட்டையிலர்ந்துதான் போவும். சர்வர் மொதல்ல சொன்னத செய்யும், அப்புறந்தான் எண்ணும். பேட்ச்ச தூக்குனாலும் இந்த ஒரு கோரிக்கய எண்ணாம வுடாது. நாலாவதா மட்டும் அனுப்பாத. உன் அறக் கதவு மேலயும் துப்பாக்கி கீதுல்ல?"

இருக்கிறது. மேஜைக்கு அடியிலிருந்து அதன் வாய் தெரிகிறது.

4:59
கட்டளை இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. மிஸ் முன்கூட்டியே கிளப்பிவிட்டார். கேமராவில் வரிசை தெரிகிறது. மிஸ் வாயசைப்பது, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தியா."

ஒன்று.
இரண்டு. 
மூன்று. கட்டளை முழுதாக வந்துவிட்டது. அடுத்து சபீனா. என் பக்கத்துக் கட்டில். நேற்று என் ஜடையை இறுக்கிப் பின்னிவிட்டு, "மண்டைல மூளை இருந்தா வலிக்கும்டி" என்று சிரித்தவள்.

இப்போது அனுப்பினால் நான்காவது நான். பேட்ச் போய்விடும், சபீனா உள்ளே போய்விடுவாள். விரலை அழுத்தவேண்டும். அழுத்த வரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தால் விரல் தானாக அழுத்திவிடும் என்று எழுதுகிறேன். அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறாள். இன்னும் நேரம் இருக்கிறது. நிமிர்ந்துவிட்டாள். அழுத்தப் போகிறேன். இந்த வரியை முடித்ததும்

5:01
நான் அழுத்துவதற்குள் சபீனா கைவைத்துவிட்டாள். துப்பாக்கி சுட்டதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அது எனக்குத் தெரியாது. என் கட்டளை முதலாவதாகப் பதிவானது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேட்ச் நீங்கிவிட்டது. கதவு எல்லோருக்கும் திறக்கிறது. பெண்கள் சபீனாவைத் தாண்டி, கீழே பார்க்காமல், ஒவ்வொருத்தியாக உள்ளே போகிறார்கள்.

5:06
பூமியிலிருந்து: "சூப்பர் தங்கச்சி! கெலிச்சிட்ட! யாருக்கும் ஒண்ணியும் ஆவலியே?"

5:20
பூமியிலிருந்து: "தங்கச்சி?"

5:40
பூமியிலிருந்து: "தங்கச்சி, கீறியா?"