தாமலுக்கு அனுப்பிய நாய்

சின்ன காஞ்சிபுரம்
8.6.1998

சிரஞ்சீவி பாச்சாவுக்கு, அக்கா வத்ஸலாவின் ஆசீர்வாதம்.

இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்குத் தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் குரல் உயர்ந்துவிடும். எனக்கு அது பழக்கமில்லை.

என் வீட்டில் வேலை செய்யும் அங்கம்மாளை உன் ஜிம்மி கடித்து மூன்று நாளாகிறது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் செத்தால் வெறிநாய். கவுன்சிலரான உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? உன் வாசலில் சங்கிலி மட்டும் கிடக்கிறது. சானிட்டரி இன்ஸ்பெக்டரைக் கேட்டால், "பாத்துட்டேம்மா, நாய் நல்லா இருக்குது" என்கிறார். எங்கே பார்த்தீர் என்றதும் சைக்கிளில் ஏறிவிட்டார்.

நாய் எங்கே?

வத்ஸலா

10.6.1998

அக்காவுக்கு அநேக நமஸ்காரம்.

ஜிம்மி தாமலில் என் தோப்பில் சௌக்கியம். தயிர்சாதம் போட்டால் தட்டையும் நக்குகிறதாம். அங்கம்மாள் கையில் பெருமாள் தீர்த்தம் கொடுத்தே இதைச் சொன்னேன், அவளுக்குத் திருப்தி. கான்வென்ட் சிஸ்டர் மாதிரி எல்லோரையும் பெஞ்சில் ஏற்றாதே. புகார் என்று போனால் அடுத்த தேர்தலில் எனக்கு ஸீட் கிடையாது.

பாச்சா

13.6.1998

பாச்சாவுக்கு,

நீ கொடுத்த தீர்த்தம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஊசிக்குக் கூப்பிட்டால் அங்கம்மாள் சிரிக்கிறாள். "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசியாம்மா? தீர்த்தம் குடுத்துட்டு அய்யா பொய் சொல்வாரா? நீங்கதான் சும்மா பயந்துக்கினு இருக்கீங்க."

நான் யாரையும் கெஞ்சியதில்லை. உன்னைக் கெஞ்சுகிறேன். நாய் இருந்தால் காட்டு. இல்லையென்றால் அவளிடம் நீயே சொல். நீ சொன்னால்தான் கேட்பாள். எங்கும் புகார் எழுதமாட்டேன், சத்தியம்.

அக்கா

17.6.1998

நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் வராததால் நேற்று தாமலுக்குப் போனேன். "வந்த மறுநாளே நுரை தள்ளிச் செத்துப்போச்சும்மா. அய்யாதான் பொதைக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றான் தோப்புக் காவல்காரன் கண்ணாயிரம். நீங்கள் தயிர்சாதம் என்று எழுதியபோது அது மண்ணுக்குள் இருந்தது.

அங்கம்மாளிடம் சொன்னேன். "அய்யா வாயால சொல்லட்டும்" என்றாள். உங்கள் வாசலுக்கு அழைத்து வந்தேன். வெளியூர் போயிருப்பதாக உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னான். உங்கள் செருப்பு படியில் இருந்தது. அவளும் பார்த்தாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்றாள். தெருமுனை வரை என் கையை விடவில்லை.

முதல் ஊசி போட்டாயிற்று. காலம் கடந்துவிட்டதா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நீங்கள் வாய் திறந்திருந்தால் என் சத்தியத்தைக் காப்பாற்றியிருப்பேன். கலெக்டருக்கு எழுதிவிட்டேன், உங்கள் பெயர், இன்ஸ்பெக்டர் பெயர் இரண்டும் இருக்கின்றன. நாய்க்காரர் என் உடன்பிறந்தவர் என்பதையும் மறைக்கவில்லை.

விடிந்தால் இரண்டாவது ஊசி. அவளுக்குத் துணை நான்தான். இதற்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி வத்ஸலா ஸ்ரீநிவாஸன்