பச்சை விட்டிலும் முட்டை ட்ரேயும்

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, பண்ணைக் கோழிகள் எல்லாரும் நல்ல சுகம். அந்தப் பின்லாந்துப் பனியில் நீ சுகம்தானா, காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா? போனில் சொன்னால் உங்கப்பா காதில் விழும், விழுந்தால் முறுக்கிக்கொள்வார், அதனால்தான் பருப்புப் பொடிப் பார்சலோடு இந்தக் கடிதம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது சாமி, உன்னிடம் சொல்லாவிட்டால் தலையே வெடித்துவிடும்.

நம் பக்கத்து அந்துப்பூச்சிகளை வகை பிரிக்க வேண்டும், மழைக்காலத்துக்கு என்னால் வர முடியாது, நீயே படம் எடுத்து அனுப்பு என்று கெஞ்சினாயே, அதன்படி சோளக்காட்டு ஓரம் உங்கப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்குப் போட்டேன். முதல் நாளே பக்கத்துக் காட்டு நல்லம்மாள் அக்கா, ஏனுங்க சௌந்திரம் என்ன படம் போடறீங்க என்று பாயோடு வந்துவிட்டாள். வந்தவள் போகவில்லை, இளம்பிள்ளைச் சேலையில்கூட இந்த மாதிரி பார்டர் பார்த்ததில்லை என்று ஒவ்வொரு பூச்சியாகத் தடவப் போகிறாள், கையைப் பிடித்து இழுப்பதே எனக்கு வேலை. பூச்சி ஒண்டிக்கொள்ள விளக்கடியில் முட்டை ட்ரே வைக்கச் சொன்னாய், நம் வீட்டில் ட்ரேக்கா பஞ்சம், அடுக்கடுக்காக வைத்தேன். குழிக்கொன்றாகப் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது கண்ணு, அடை வைத்த மாதிரி.

இப்போது உங்கப்பா கதைக்கு வருகிறேன். பூச்சி புடிக்கறதுக்கா இவளைப் படிக்க வெச்சேன் என்று அவர் கத்தியதும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானம் ஏறியதும், அன்றிலிருந்து அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசாததும் எனக்கு நெஞ்சில் முள்தான். நீ கூப்பிட்டால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒருநாள் விடிகாலையில் முட்டை பொறுக்கப் போனவர், என் ட்ரேக்களைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா, கை பழகின பழக்கம், பெருசு ஒரு ட்ரே, நடுத்தரம் ஒரு ட்ரே, பொடி ஒரு ட்ரே என்று தரம் பிரித்துவிட்டார். சிறகு கிழிந்ததெல்லாம் கிராக் முட்டையோடு சேர்த்தி! அவர் கை வைத்தது தெரியாமல் அதைத்தான் உனக்குப் படம் எடுத்து அனுப்பினேன், நீ தலையில் அடித்துக்கொண்டு, அளவு முக்கியமில்லைம்மா, மீசையைப் பாரு, சிறகை எப்படி வைத்து உட்காருதுன்னு பாரு என்று பாடம் எடுத்தாய். அன்றைக்கு ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். உங்கப்பா கொட்டகைக்குப் போகவில்லை. பேப்பரை விரித்து உட்கார்ந்தார், கடைசிவரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அதற்கப்புறமும் தினம் விடிகாலையில் அவர் தரம் பிரிப்பது நிற்கவில்லை. போன வாரம் மழை விட்ட காலை, பெருசு ட்ரேயில் இலைப் பச்சையில், சிறகில் செம்மண் அப்பினாற்போல் ஒரு விட்டில், அதன் வாலோடு வால் ஒட்டிக்கொண்டு அதே பச்சையில் கறையில்லாத பொடிசு ஒன்று. பொடியைக் கொண்டாந்து பெருசுல ஏன் போட்டே என்று என்மேல் பாய்ந்தார். நான் எங்கே போட்டேன், அதுவே போச்சுங்க என்றேன். குனிந்து பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. அப்புறம், அடி இவளே, இது புருசன் பொஞ்சாதியாட்ட இருக்குதடி, நான் குடும்பத்தையில்ல பிரிச்சு வெச்சிருக்கேன் என்று ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், நீ போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. முட்டை லோடு ஏற்ற வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, இவர் எல்லா ட்ரேயையும் கலைத்துப் போட்டு எது யார் சம்சாரம் என்று ஜோடி சேர்க்கிறார்! பாதி தப்பாகத்தான் இருக்கும், பழுப்புக்கும் சாம்பலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். கடைசியில் எல்லாவற்றையும் ஆமணக்குச் செடியில் விட்டுவிட்டு வந்து, அந்தப் புள்ளைகிட்டக் கேளு, அந்தப் பச்சை ரெண்டும் ஒரே சாதியான்னு என்றார். நீங்களே கேளுங்க என்றேன். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நானும் கேட்கப் போவதில்லை, நீயும் தப்பித்தவறி என்னிடம் சொல்லிவிடாதே. அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருக்கட்டும், எத்தனை நாள் தாங்குகிறார் பார்ப்போம். நீயும் அவர் மகள்தான், உனக்கும் வீம்பு உண்டு, ஆனால் அவர் ஒரு எட்டு வைத்தால் நீ ரெண்டு எட்டு வை சாமி.

வாரம் ஒருதரம் எண்ணெய் தேய். பருப்புப் பொடியை நெய் விட்டுச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் தடவாதே. நம் கரியகாளியம்மன் உன்னையும் உன் பூச்சிகளையும் காப்பாற்றட்டும். வேட்டி இன்னொன்று கிழிந்துவிட்டது, அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சௌந்திரம்

சாமி, பார்சலை ஒட்டச் சொல்லி உங்கம்மா எங்கிட்டக் குடுத்தா. படிச்சுட்டேன். சாம்பலும் பழுப்பும் ஜோடி இல்லைன்னு எனக்கும் தெரியும், மீசை வேற. அந்தப் பச்சை ரெண்டும் ஒண்ணுதானே? அவகிட்டச் சொல்லாதே. என் நம்பருக்குக் கூப்புடு, எடுக்கறேன்.
அப்பா