மாமா கண்டுபிடித்த சுத்தமான இடம்

அன்பு மகனுக்கு,

அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வாந்தியும் நின்றுவிட்டது. காலையில் வார்டுக்கு வந்த டாக்டர் சொன்னது இது, நானாகச் சொல்லும் தேறுதல் இல்லை. வயிற்றுப்போக்கு இன்னும் அடங்கவில்லை, டிரிப்ஸ் ஏறுகிறது. "கடல் காத்து அத்தானுக்கு ஒத்துக்கல" என்று உனக்குப் போன் செய்ததாக உன் மாமா சொன்னான். காற்றின் மேல் பழி போடுகிறான். நடந்ததை நான் சொல்கிறேன், சாப்பிட்டு முடித்தபின் படி.

மாமா வாடகைக்கு எடுத்த கேரவனில் மூன்று பேரும் கடலோரமாகப் போனோம் அல்லவா, அன்றைக்கு எங்கும் ஓட வேண்டாம், ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றலாம் என்று முடிவு. காலையில் கடல் உள்வாங்கிப் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. நானும் அப்பாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நண்டு ஓடுவதைப் பார்த்தபடி நடந்தோம், அவர் பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கத்தியால் பெயர்த்து வலைப்பையில் போட்டார். மண்ணைக் கக்கட்டும் என்று பையை ஊறப்போட இடம் தேடினார், இருந்ததிலேயே அழகான குட்டையாக ஒன்று அகப்பட்டது. "பாத்தியா, எப்பிடி நீலமா கெடக்கு" என்றார். நானும் அதில் முகம் கழுவினேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது, கடல் நுரை என்று நினைத்தேன்.

மாமாவின் சுத்தம் உனக்குத் தெரியாததா, கழுவிய ஸ்பூனையும் மறுபடி துடைக்கிறவன். கேரவன் கழிவறையின் அடியில் இருக்கும் கழிவுப்பெட்டியை, வண்டிகள் நிறுத்துமிடத்தில் அதற்கென்றே இருக்கும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். அன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு போனது அவன். மத்தியானம் அப்பா, "வாயத் தொறந்தா போதும், ரொம்ப வெந்தா ரப்பராயிடும்" என்று சிப்பிகளை அரைவேக்காட்டில் இறக்கித் தட்டு நிறையத் தின்றார். பல்வலியால் நான் தொடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், மாமா கழற்றிப் போட்டிருந்த கையுறை நீலமாக இருந்தது. என்னடா இது என்றேன், நாற்றம் போகப் பெட்டியில் ஊற்றும் மருந்து என்றான். எங்கே கொட்டினாய் என்றேன். "அந்தத் தொட்டிகிட்ட கால வைக்க முடியலக்கா, ஒரே அசிங்கம். அதான் பாறைக்குப் பின்னால சுத்தமான எடமா பாத்து ஊத்திட்டு வந்தேன், கடல் வந்தா கழுவிடும்ல" என்றான். அப்பாவின் கையில் கடைசிச் சிப்பி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது என் கையைக் கிள்ளி, "சொல்லாதக்கா, மானம் போயிடும்" என்கிறான். மனுஷன் தலைதூக்க முடியாமல் கிடக்கிறார், இவனுக்கு மானம். நான் ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்தை மாற்றி எழுதினார். அந்தப் பாறைகளில் இன்னும் எத்தனையோ பேர் சிப்பி பெயர்க்கிறார்கள், போய்க் கடற்கரைக் காவலாளியிடம் நீயே சொல் என்று இவனை விரட்டிக்கொண்டிருக்கிறேன். போறேன் போறேன் என்று வராந்தாக் குழாயில் கை கழுவிக்கொண்டு நிற்கிறான், பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ லீவு போட்டு ஓடிவராதே. வெளியே சாப்பிடுவதைக் குறை. மாமா மறுபடி கூப்பிட்டால், காவலாளியிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேள். ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணா, அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். மலப் பரிசோதனை முடிவு வியாழன் காலை வரும் என்று ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னாள், அதைப் பார்த்துத்தான் அப்பாவை வீட்டுக்கு விடுவார்கள். காவலாளியிடம் இன்று இருட்டுவதற்குள் போவதாக மாமா சொல்லியிருக்கிறான். வெயில் சாய்கிறது. அவன் சோப்பு வாங்கப் போயிருக்கிறான்.

உன் அம்மா