மதிலுக்கு வெளியே இருந்த கல்

மைனி,

இன்று காலை கோயிலில் அந்தக் கல்லைத் தொட்டேன். எண்ணெயும் மெழுகும் ஏறி வாடையடிக்கிறது. காய்ச்சல்காரர்கள் அதில் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள். அடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறதே, அது நம் கையிலிருந்து நழுவி உடைந்தது என்று அவர்களுக்கு யார் சொல்ல?

என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதன் முதுகில்தான் துணி அலக்கினீர்கள். அந்த வருடம் ஆனி மழையில் கிணற்றடி மண் அரித்துக் கல் புரண்டது. அடிப்பக்கத்தில் சிலுவை, நான்கு முனையிலும் பூமொட்டு. எந்தக் காலத்தில் யார் தலைமாட்டில் நின்றதோ. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் உங்கள் பிள்ளை செத்துப் பிறந்திருந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மதிலுக்கு வெளியே பூவரசின் கீழ் அண்ணன் புதைத்துவிட்டு வந்தார். சிலுவையும் கிடையாது.

“பேரு தெரியாத ஆளுக்க கல்லு மக்கா. நம்ம பிள்ளைக்கும் பேரில்ல. ரெண்டும் ஒரு எடத்தில கெடக்கட்டு” என்றீர்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். வள்ளம் ஏற்றுகிற உருளைத்தடிகளை அடியில் போட்டு, இருவருமாய் உருட்டிக்கொண்டுபோய் நட்டோம். அன்றைக்குத்தான் நீங்கள் வயிறாரச் சாப்பிட்டீர்கள்.

அந்த வாரமே உபதேசியார் பார்த்துவிட்டார். “வெளிய சிலுவ நிக்கப்பிடாது, ஏட்டி” என்றார். பங்குச் சாமியார் வந்து தடவிப் பார்த்து, இது இங்கே முதன்முதல் வேதத்தில் சேர்ந்தவர்களுடைய கல் என்று கண்கலங்கினார். மாலை போட்டு, மேளம் கொட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கல்லைக் கண்டெடுத்த உங்களைப் பாக்கியசாலி என்றார்கள். நல்ல பாக்கியம்! “பிள்ளைக்க அடையாளத்த எடுத்துட்டுப் போறாவளே” என்று ஊர்வலத்துக்குப் பின்னால் நீங்கள் அழுதுகொண்டு நடந்தீர்கள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பக்தியில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுவருடம் காய்ச்சல் கண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது, “என்ன அந்தப் பூவரசு மூட்டில வச்சிருங்க மக்கா” என்றீர்கள். நீங்கள் கண்மூடியதும் நான் சொல்லிப் பார்த்தேன். “நல்ல சாவு செத்தவள வெளிய வைக்கவா?” என்று அண்ணன் அதட்டினார். உங்களை உள்ளே வைத்தார்கள், தலைமாட்டில் புது சிமெண்டுச் சிலுவையோடு. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் மதில் நிற்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாளை ஆத்துமாக்கள் திருநாள். உங்களுக்கு அண்ணன் மெழுகுதிரி ஏற்றுவார். நான் வெளியே போவேன். பூவரசை வெட்டிவிட்டார்கள், இடம் என் காலுக்குத்தான் தெரியும். கடற்காற்றில் அங்கே திரி நிற்காது. போன வருடம் போலவே அணைய அணையப் பற்றவைத்து, உருகித் தீரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பிறகு அதற்கு ஆளில்லை, மைனி.